கூரையில்லாத தொழிற்சாலை: மரக்காணம் கரையும் பாதுகாப்புப் பயிற்சியின் சட்ட வரலாறும்

மரக்காணத்து உப்பளங்கள் தொழிற்சாலை என்ற பெயரை இருமுறை பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் உப்புத் துறை, தன் அலுவலர் ஒருவரின் காவலுக்கு உட்பட்ட பாத்தித் தொகுதிகளை வரி நிர்வாகத்தின் வசதிக்காகத் தொழிற்சாலை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டது முதல் முறை. கடல்நீரை வெயிலில் காயவைத்து உப்பெடுக்கும் திறந்த நிலமும் தொழிற்சாலைகள் சட்டத்தின் பொருளில் தொழிற்சாலையே என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இரண்டாம் முறை. முன்னது உப்பைக் காப்பதற்காக வைத்த பெயர், பின்னது உப்பு வாருகிறவரைக் காப்பதற்காக வந்தது. தமிழ்நாட்டில் தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற கடமை எப்போது, யார் தலையில், எந்த அளவுக்கு ஏறியது என்று ஆராய்கிறவருக்குப் பஞ்சாலைகளையும் ரசாயன ஆலைகளையும்விட இந்தக் கரை கூடுதலாகக் கற்றுத்தரும். சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது ஆலையின் உள்ளே இருந்து பார்த்தால் தெரிவதில்லை, வரப்பின்மேல் நின்று பார்த்தால் தெரிகிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கழுவெளி ஏரியின் உவர்நீரும் கடலும் சந்திக்கும் கழிமுகத்தை ஒட்டி மரக்காணத்து அளங்கள் விரிந்து கிடக்கின்றன. உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் இந்தக் கரையைத்தான் சொல்வது வழக்கம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரி எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்பாக, கடலைவிட்டு மேற்கே ஏறும் செம்மண் மேட்டில் வானூர் வட்டத்தைச் சேர்ந்த இடையஞ்சாவடி இருக்கிறது. முந்திரியும் பனையும் மானாவாரிப் பயிருமாக இருந்த இந்த மேட்டில் 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கப்பட்ட பிறகு, கட்டட வேலையும் பட்டறை வேலையும் ஊர் வாசலுக்கே வந்துசேர்ந்தன. கீழே உப்பு, மேலே செம்மண், தெற்கே எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஆலைகள் என்று மூன்று வகை உழைப்பும் ஒரே வட்டாரத்தில் அருகருகே அமைந்திருப்பதால், ஒவ்வொன்றையும் சட்டம் எப்படி வெவ்வேறாக நடத்தியது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இடையஞ்சாவடி நல்ல நிலைக்களம்.

உப்பு விளையும் நிலத்துக்குத் தமிழில் அளம் என்று பெயர். பேரளம், கோவளம் முதலான ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கப் பாடல்களில் உப்பு வணிகரான உமணர் வண்டி பூட்டிச் செல்வதும், சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பின்மீது விதித்த உப்பாயம் என்ற வரி இடம்பெறுவதும் இத்தொழிலின் பழமையைக் காட்டுவன. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினமும், கிரேக்க மாலுமிகளின் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா என்ற துறையும் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆயினும் இந்த நெடிய பதிவுகளில் வணிகர் வருகிறார், வரி வருகிறது, துறைமுகம் வருகிறது. பாத்திக்குள் காலை வைத்து நிற்பவர் அரிதாகவே வருகிறார்.

அந்த வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் பின்னால் வரும் சட்டச் சிக்கல் விளங்கும். கழிமுகத்து நீரையோ நிலத்தடி உவர்நீரையோ முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்தி, அங்கிருந்து படிப்படியாக ஆழம் குறைந்த பாத்திகளுக்கு விட்டு, வெயிலாலும் காற்றாலும் அதன் அடர்த்தியை ஏற்றுகிறார்கள். போமே என்னும் அளவுமுறையில் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை காட்டும். 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடும் என்பதால், எஞ்சிய நீரை அதற்குள் வெளியேற்றிவிட வேண்டும். கடைசிப் பாத்தியின் தரை இறுகினால்தான் மண் கலவாத வெள்ளை உப்புக் கிடைக்கும். அதற்காகப் பருவத் தொடக்கத்தில் ஈரக் களிமண்ணை நாள்கணக்கில் வெறுங்காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். பிறகு, நீண்ட கழி பூட்டிய வாருபலகையால், தரைமண்ணைக் கிளறாத அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து, படிந்த உப்பை வரப்போரம் இழுத்துக் குவிக்க வேண்டும். நீர் வடிந்ததும் அது கூடையேறி, தலையில் சுமக்கப்பட்டு, அம்பாரம் எனப்படும் பெருங்குவியலில் போய்ச் சேரும். எவ்வளவு அழுத்துவது என்பதைக் கையும், தரை இறுகிவிட்டதா என்பதைக் குதிகாலும் சொல்லும். அடர்த்திமானி வந்த பிறகும் நீரின் நிறத்தைப் பார்த்தே பாகை சொல்லும் மூத்தவர்கள் இத்தொழிலில் உண்டு. பயிற்சி என்று எவரும் பெயரிடாமலே இந்த அறிவு தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், மேஸ்திரியிடமிருந்து புதியவருக்கும் கைமாறி வந்திருக்கிறது.

1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமைப் பண்டம் ஆயிற்று. விளைந்த உப்பு முழுவதையும் அரசே வாங்கி அரசே விற்றது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனுடன் ஆயத்தீர்வை முறையும், அதாவது உரிமம் பெற்ற உற்பத்தியாளர் வரி செலுத்தித் தாமே விற்கும் முறையும் சேர்ந்துகொண்டது. 1889-இல் இயற்றப்பட்ட சென்னை உப்புச் சட்டம் இந்த ஏற்பாட்டை உறுதியாக்கியது. மரக்காணம் அந்நாளில் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி. அளத்தின் ஓரத்தில் படகில் ஏறிய உப்பு, கடலுக்குள் இறங்காமலே சென்னைக்குப் போய்ச்சேரும். உப்புத் தொழிற்சாலை என்ற சொல் இந்தக் காலத்து ஆவணங்களில் நிறைந்திருக்கிறது. அந்தத் தொழிற்சாலைக்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது, இயந்திரம் கிடையாது. எல்லைக் கல்லும் காவலரும் எடைக்களமும் பூட்டிய கிடங்கும் இருந்தன. விதிகளும் அந்த அமைப்புக்கு ஏற்பவே எழுதப்பட்டன. எப்போது வாரலாம், எங்கே குவிக்கலாம், எந்த வழியாக வெளியேற்றலாம், சுமையை யார் சோதிக்கலாம், தானாக விளைந்த உப்பை எப்படி அழிக்க வேண்டும் என்பதெல்லாம் நுணுக்கமாக வகுக்கப்பட்டிருக்க, வாருகிறவரின் கண்ணையும் காலையும் பற்றிய சிந்தனைக்கு அதில் இடமே இருக்கவில்லை. நிலத்தைக் கண்காணிப்பதற்குத் தொழிற்சாலை என்ற சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்திய அதே அரசு, தொழிலாளர் நலச் சட்டம் எழுதும்போது அந்தச் சொல்லை வேறு அளவுகோலால் அளந்தது.

அந்த அளவுகோல் 1881-இல் வந்த இந்தியாவின் முதல் தொழிற்சாலைகள் சட்டத்தில் தெரிகிறது. விசையால் இயங்கும் பொறி இருக்க வேண்டும், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்ய வேண்டும், ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் இயங்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் பொருந்திய இடமே அச்சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது, ஆபத்தான பொறிகளுக்கு வேலி அடைக்க வேண்டும் என்பவை அதன் முக்கியமான கட்டளைகள். 1891-இல் எண்ணிக்கை ஐம்பதாகவும், 1922-இல் இருபதாகவும் குறைந்தது. விசை இல்லாத இடமானாலும் பத்துப் பேர் இருந்தால் அதை அறிவிக்கையின் மூலம் சட்டத்துக்குள் கொண்டுவரும் அதிகாரம் மாகாண அரசுகளுக்குக் கிடைத்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் பருவகாலத் தொழிற்சாலை என்று தனிப் பிரிவை வகுத்து, அதற்கு விதிகளைத் தளர்த்திவைத்தது. இவை எல்லாவற்றிலும் ஆபத்து என்றால் பொறி. பாதுகாப்பு என்றால் பொறிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு தடுப்பு. ஆபத்தைத் தொழிலாளிக்கு விளக்கிச் சொல்வதும் ஒரு பாதுகாப்பு என்ற எண்ணம் இன்னும் முளைக்கவில்லை.

அது முதலில் முளைத்த இடம் விந்தையானது. பணியில் நேரும் காயத்துக்கும் சாவுக்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று விதித்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், எப்போதெல்லாம் தர வேண்டியதில்லை என்ற பகுதியில்தான் அறிவுறுத்தல் என்ற செய்தி தலைகாட்டுகிறது. பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொல்லப்பட்ட கட்டளையைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால் காயம் நேர்ந்தால் இழப்பீடு இல்லை என்பது அந்த விலக்கு. அது உயிரிழப்புக்குப் பொருந்தாது என்பது பின்னர் திருத்தத்தால் தெளிவாக்கப்பட்டது. அதன்படி, ‘முன்னமே சொல்லியிருந்தேன்’ என்பது முதலாளியின் கேடயமாகவே சட்டத்துக்குள் நுழைந்தது. ‘எனக்குச் சொல்லித்தர வேண்டும்’ என்பது தொழிலாளியின் உரிமையாக எழுதப்படுவதற்கு அதன்பின் அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. பல பணியிடங்களில் பாதுகாப்பு வகுப்பு என்பது இன்றும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிப்போவதைக் காண்கிறவருக்கு, 1923-இன் நிழல் முழுவதும் அகன்றுவிட்டதாகத் தோன்றாது.

இடையஞ்சாவடிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் அக்காலத்தில் வேறொரு நாட்டின் ஆட்சி தொடங்கியது. பிரெஞ்சுப் புதுச்சேரியின் பஞ்சாலைகளில் வேலை நேரத்தையும் சங்க உரிமையையும் முன்வைத்து நடந்த போராட்டத்தில் 1936 ஜூலை 30-இல் பன்னிரண்டு தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் இந்தப் போராட்டத்தின் பயனான எட்டு மணி நேர வேலை, எல்லைக்கோட்டுக்கு வடக்கே பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைகளுக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. ஆக, இந்த வட்டாரத்து உழைப்பாளிக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அவர் செய்யும் வேலை மட்டுமல்லாமல், காலையில் அவர் எந்தத் திசையில் நடந்தார் என்பதும் முடிவு செய்தது. பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் இது முற்றிலும் மாறிவிடவில்லை. இடையஞ்சாவடியிலிருந்து சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குச் செல்பவர் தமிழ்நாட்டின் விதிகளைவிட்டுப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் விதிகளுக்குள் நுழைகிறார்.

1947 ஏப்ரல் 1 முதல் உப்பு வரி ஒழிந்தது. காந்தியடிகள் தண்டியிலும் ராஜாஜி வேதாரண்யத்திலும் 1930-இல் எதிர்த்து நின்ற வரி, விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன் இடைக்கால அரசின் நிதிநிலை அறிக்கையால் நீங்கியது. வரி போனதும், உப்பளத்தைத் தொழிற்சாலை என்று அழைப்பதற்கு அரசுக்கு இருந்த பழைய காரணத்தின் வலுவும் குறைந்தது. அடுத்த ஆண்டே புதிய தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. விசை இருந்தால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர் என்று எண்ணிக்கையை வகுத்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம், பருவகாலம், முழுஆண்டு என்ற வேறுபாட்டையும் கைவிட்டது. பயிற்சியின் வரலாற்றில் அதன் 23-ஆம் பிரிவு தனியே குறிப்பிடத்தக்கது. ஆபத்தானவை என அறிவிக்கப்பட்ட பொறிகளில் இளம் வயதினரை வேலைக்கு விடும் முன், அப்பொறியால் வரக்கூடிய ஆபத்துகளையும் கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கையையும் முழுமையாக எடுத்துச்சொல்லியிருக்க வேண்டும். போதிய பயிற்சி பெற்றவராகவோ, நன்கு தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் இருப்பவராகவோ அவர் இருக்க வேண்டும் என்று அது கூறியது. சொல்லித்தருவது நிர்வாகத்தின் கடமை என்று இந்தப் பிரிவு தெளிவாக எழுதியது. ஆனால் அந்தக் கடமை இளம் வயதினருக்கும் குறிப்பிட்ட பொறிகளுக்கும் மட்டும் உரியதாக இருந்தது. மாநிலத்தில் 1950-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் விதிகள் இச்சட்டத்துக்கு நடைமுறை வடிவம் கொடுத்தன.

உப்பளம் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்விக்கு விடை மரக்காணத்தில் பிறக்கவில்லை. பம்பாயின் வடாலாவில் பிறந்தது. அங்கு உப்பளம் நடத்திய அர்தேஷிர் பிவண்டிவாலா, தொழிற்சாலைக்குரிய உரிமம் பெறாமல் தொழில் நடத்தியதாகத் தண்டிக்கப்பட்டு, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். அவரது நிலத்தில் இருந்தவை தொழிலாளருக்கான தற்காலிகக் குடிசைகளும் ஓர் அலுவலகமும், நீரிறைக்கும் பொறியை நிறுத்துவதற்கான சில மேடைகளுமே. கட்டடம் இல்லாத வெட்டவெளி எப்படித் தொழிற்சாலை வளாகம் ஆகும், உப்பைச் செய்வது சூரியன்தானே, மனிதன் செய்யும் உற்பத்தி இதில் எங்கே இருக்கிறது என்பவை அவர் தரப்பின் வாதங்கள். இரண்டையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. வளாகம் என்ற சொல் கட்டடத்தை மட்டும் குறிக்காது, திறந்த நிலத்தையும் குறிக்கும்; நீரை உள்ளே விடுவது, பாத்தி மாற்றுவது, அடர்த்தியைப் பார்ப்பது, வாரிச் சேர்ப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் மனித உழைப்பு இருப்பதால், கடல்நீர் உப்பாவது உற்பத்திச் செயலே என்று 1961-இல் தீர்ப்பு வந்தது. இயற்கை விளைவிப்பதை மனிதன் அள்ளிக்கொள்கிறான் என்ற வாதம், பாத்தி மிதித்தவர் எவருக்கும் சிரிப்பைத்தான் வரவழைத்திருக்கும்.

தீர்ப்பின் பயன் கரைக்கு எந்த அளவுக்கு வந்தது என்பது வேறு கணக்கு. நிலம் தொழிற்சாலையாக முடியும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் எத்தனை பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்ற வரம்பு அப்படியே நின்றது. மரக்காணம் போன்ற இடங்களில் அளம் பரந்த வெளியாகத் தெரிந்தாலும், பட்டாவும் குத்தகையும் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. ஒரு குத்தகைதாரரின் பாத்திகளில் ஐந்தாறு பேர் வேலை செய்கையில், வரப்புக்கு அந்தப் பக்கம் வேறொருவரின் பாத்திகளில் மற்றோர் ஐந்தாறு பேர் அதே வெயிலில் அதே வேலையைச் செய்தாலும், சட்டம் அவர்களைக் கூட்டி எண்ணாது. இங்கு ஒரு சிறு நுணுக்கமும் உண்டு. ஏற்றம் கொண்டு நீர் இறைத்த காலத்தில் வரம்பு இருபது பேர். டீசல் எஞ்சினோ மின்மோட்டாரோ வந்து அமர்ந்தவுடன் அது விசையைப் பயன்படுத்தும் இடமாகி, வரம்பு பத்தாகக் குறைந்தது. வேலை செய்பவரின் தொழிலில் எதுவும் மாறாமல், கரையோரம் ஒரு பம்புசெட் ஓடத் தொடங்கியதாலேயே சட்டம் அவரை நோக்கிப் பாதித் தூரம் நெருங்கிவிட்டது. பத்துக்கும் குறைவானவர் உள்ள இடங்களையும் அறிவிக்கையால் சட்டத்துக்குள் சேர்க்க 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. எண்ணிக்கை என்ற தடை தாண்ட முடியாத தடை அன்று என்பதற்கு அந்தப் பிரிவே சான்று.

இதற்கிடையில் ஆலைகளின் உலகில் பயிற்சிக்கென நிறுவனங்கள் எழுந்தன. 1945-இல் மத்திய அரசில் தொழிற்சாலைகளுக்கான தலைமை ஆலோசகர் அலுவலகம் அமைந்தது. பின்னர் பம்பாயில் மத்தியத் தொழிலாளர் நிலையமும், சென்னை உள்ளிட்ட நகரங்களில் மண்டல நிலையங்களும் அதன்கீழ் வந்தன. 1966 மார்ச் 4-இல் தேசியப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச் முதல் வாரத்தில் ஆலை வாயில்களில் பாதுகாப்புக் கொடி ஏறுவது அந்த நாளின் நினைவாகத்தான். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆயிரமோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. தீப்பற்றினால் வெளியேறும் வழியையும் அப்போது நடந்துகொள்ள வேண்டிய முறையையும் தொழிலாளர் எல்லோருக்கும் பழக்கியிருக்க வேண்டும் என்ற கடமையையும் வலியுறுத்தியது. வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் பயிற்சி என்ற கருத்து, தீ என்ற ஒற்றை ஆபத்தை முன்னிட்டுச் சட்டத்துக்குள் வந்தது.

அதை விரிவாக்கியது போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு கசிந்த மெத்தில் ஐசோசயனேட் வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதற்குப் பிறகு, நாடாளுமன்றம் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியது. அபாயகரமான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவும் அதில் அடங்கும். உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை அளிப்பது தொழிற்சாலையைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் பொதுக்கடமை என்று 7-அ பிரிவு அறிவித்தது. இந்த நான்கு சொற்களின் வரிசை பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுப் பணியிட நலச் சட்டத்தைப் பின்பற்றியது. புதிதாக வந்த 111-அ பிரிவோ இதையே மறுபக்கம் திருப்பி, தொழிலாளியின் உரிமையாக எழுதியது: தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறலாம், இயன்றவரை தொழிற்சாலைக்குள்ளேயோ, தலைமை ஆய்வாளர் ஏற்பளித்த பயிற்சி நிலையத்தில் நிர்வாகத்தின் செலவிலோ பயிற்சி பெறலாம், குறை இருப்பின் ஆய்வாளரிடம் முறையிடலாம். இந்திய உழைப்பாளி பாதுகாப்புப் பயிற்சியை உரிமையாகக் கோரலாம் என்று பொதுச் சட்டம் சொன்னது இதுவே முதல் முறை. தொழிற்சாலை எல்லைக்குள் இருப்பவருக்கே அந்த உரிமை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு உயிர்பெற்ற இடம் என்று சிவகாசியைச் சொல்லலாம். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டதையடுத்து, மருந்துக் கலவையைக் கையாளுவோருக்கும் அவர்களை மேற்பார்க்கும் போர்மேன்களுக்கும் பயிற்சி இன்றியமையாதது என்ற அழுத்தம் கூடியது. மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பட்டாசுத் தொழிலாளருக்கென அந்த வட்டாரத்திலேயே பயிற்சி மையம் நடத்துகிறது. விபத்துகள் அதன் பிறகும் ஓயவில்லை என்பதால் பயிற்சி வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். உள்குத்தகையும் மிகையான ஆள்நெரிசலும் இருக்கும் இடத்தில் வகுப்பறை மட்டும் என்ன செய்யும் என்ற கேள்விதான் பொருத்தமானது. எனினும் சிவகாசியையும் மரக்காணத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. பயிற்சிச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் நேரும் சாவுகளின் பின்னால் வந்திருக்கின்றன. உப்பளம் ஒரே நாளில் நாற்பது பேரைக் கொல்வதில்லை.

அது செய்யும் தீங்கு மெதுவானது. வெண்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலால் கண் கூசுவதும், ஆண்டுகள் செல்லக் கண்ணில் சதை வளர்வதும், அடர்ந்த உவர்நீரில் ஊறிய கால்தோல் தடித்து வெடித்து, வெடிப்பில் உப்புப் புகுந்து ஆறாப் புண்ணாவதும் இத்தொழிலின் அன்றாடம். வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியலுக்கு முன்பே, தலையில் கட்டிய விளக்கோடு பாத்தியில் இறங்குவதும் உண்டு. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரகத்துக்கு வரும் கேட்டில் வெயிலுக்கு உள்ள பங்கு இதற்கும் உண்டு. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 பேரிடம் நடத்திய ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரியவந்தது. இவற்றில் எதுவும் வேலி அடைத்துத் தடுக்கக்கூடிய ஆபத்து அன்று. எப்போது நிழலுக்குப் போவது, எவ்வளவு நீர் குடிப்பது, மயக்கத்தின் முதல் அறிகுறி எது, புண்ணை எப்படிக் கழுவுவது என்று சொல்லித்தருவதும், சொன்னதைச் செய்வதற்கு நிழலும் நீரும் கழிப்பறையும் அமைத்துக்கொடுப்பதுமே வழி.

பாதுகாப்புச் சாதனம் என்றவுடன் நினைவுக்கு வரும் ரப்பர் பூட்சை எடுத்துக்கொண்டால், பயிற்சியை வகுப்பவர் அளத்தை அறியாமல் வகுக்க முடியாது என்பது புரியும். உவர்நீர் உள்ளே புகுந்துவிட்டால் பூட்சு புண்ணை ஆற்றாது, வளர்க்கும். கனத்த அடிப்பாகம், நாள்கணக்கில் மிதித்து இறுக்கிய தரையைப் பெயர்த்து உப்பில் மண்ணைக் கலக்கும். அதனால்தான் காலில் எண்ணெய் பூசிக்கொள்வது, பழந்துணி சுற்றிக்கொள்வது என்று உப்பு வாருகிறவர்கள் தாமாகக் கண்டுகொண்ட வழிகள் நிலைத்திருக்கின்றன. குதிகாலின் உணர்வையே கருவியாகக் கொண்ட தொழிலில், காலை மூடச் சொல்வது பாதிக் கருவியைக் கழற்றி வைக்கச் சொல்வதற்கு ஒப்பு. மரபாகக் கைமாறிய அறிவு உப்பைப் பற்றி நிறையச் சொன்னது. உடலைப் பற்றிப் பொறுத்துக்கொள்ளச் சொன்னது. மரபு விட்ட இந்த இடத்தை நிரப்ப வேண்டிய சட்டப் பயிற்சியோ, எண்ணிக்கை போதவில்லை என்று வரப்புக்கு வெளியே நின்றுவிட்டது.

நாடாளுமன்றம் 2020-இல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன்படி தொழிற்சாலை என்பதற்கு விசை இருந்தால் இருபது பேர், இல்லையென்றால் நாற்பது பேர் வேண்டும். 1881-இலிருந்து நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று இறங்கிவந்த எண் முதன்முறையாக ஏறியிருக்கிறது. பத்துப் பேர் உள்ள எந்த நிறுவனத்துக்கும் பணிநியமனக் கடிதம், வரையறுக்கப்பட்ட வயதினருக்கு ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை போன்ற பொதுக்கடமைகள் பொருந்தும் என்பது இச்சட்டத்தின் மறுபக்கம். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் துண்டுபட்ட குத்தகைப் பாத்திகளில் பத்து என்ற எண்ணும் எட்டாக் கனியாகலாம். இடையஞ்சாவடியின் ஒரே தெருவில், தொழிற்பேட்டைக்குப் போகிறவருக்குத் தொழிற்சாலை விதியும், கொத்து வேலைக்குப் போகிறவருக்கு 1994-இல் மாநிலம் அமைத்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டையும் இருக்கக்கூடும். முந்திரிக் காட்டுக்குப் போகிறவருக்கு இரண்டும் இல்லை.

மாநில அரசு உப்பளத் தொழிலாளரை வேறு வாசல்கள் வழியாக அணுகியிருக்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் உப்பள வேலை தனி இனமாக இடம்பெற்று, கூலி நிர்ணயிக்கப்பட்டது. வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுபோகும் மாதங்களுக்கு, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டமும் வந்தது. மழைக்கால நிவாரணத்துக்காகத் தொகுக்கப்படும் பயனாளிகள் பட்டியல், உப்பு நிர்வாகத்தின் நீண்ட வரலாற்றில் புதுமாதிரியான ஆவணம்: பாத்தியையோ குத்தகையையோ எடையையோ எழுதாமல், வேலை செய்பவரைப் பெயர் சொல்லி எழுதுகிறது. எத்தனை பேர் சேர்ந்து வேலை செய்தார்கள், பம்பு ஓடியதா, நிலம் யாருடையது என்று அது கேட்பதில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவரா என்று மட்டும் கேட்கிறது.